இதயக் கதவைச் செப்பனிடுதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் தோன்றிக் குறளின் பொருளாழத்தையும் கம்பனின் கவிச்சுவையையும் எடுத்துரைத்துச் செல்வது வழக்கம். நாமோ மெட்ரிக்குலேஷன் தேறிய கையோடு, தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமாகிவிட்டமையால், அவர் அமர்ந்திருந்த அலுவலகத்திலேயே எழுத்தராக அமர்ந்து, சரக்குப் பதிவேடுகளோடு 27 ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். இந்தக் கரக்பூரிலே பிறந்து வளர்ந்த நமக்குத் தமிழ் எழுத்தை அறிவித்ததும் இச்சங்கத்தின் மாலை வகுப்பே. ஆகவே சொற்குற்றம் பொருட்குற்றம் இருப்பின் அவற்றில் பாதி, சங்கத்தையே சாரும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

செயலாளர் அவர்கள் தலைப்பு யாதென வினவியபோது, "கசியும் இதய வால்வைப் பழுது பார்க்கும் அறுவைச் சிகிச்சை" என்றோம். அவர் சற்றுத் தயங்கி, "அது டாக்டர் பேச வேண்டிய பொருளாயிற்றே, சார்?" என்றார். "வீட்டுக் கதவு பழுதானால் தச்சர் பேசுவது ஒருபுறம் இருக்கட்டும், கதவுக்குள்ளே குடியிருப்பவனும் பேசலாமல்லவா?" என்று விடையிறுத்தோம். அவரும் நகைத்து இசைந்தார்.

எங்கள் இல்லத்தைப் பற்றிச் சில ஆண்டுகளாகக் குழாயடியிலும் பிளாட்பாரத்திலும் பலவிதமாகப் பேசப்பட்டதை நாங்கள் அறிவோம். மூத்த மகளை அடிக்கடி எங்கே அழைத்துச் செல்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "சென்னையில் அத்தை வீட்டுக்கு" என்றே சொல்லி வந்தோம். அது பொய். பெண் பிள்ளையின் இதயத்தில் குறை என்று தெரிந்தால் நாளை வரன் பேச வருபவர் என்ன சொல்வாரோ என்னும் அச்சமே அப்பொய்க்குக் காரணம். அப்பெண் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். "மறைத்தது போதும் அப்பா, நீங்களே மேடையில் சொல்லிவிடுங்கள்" என்று அவள் கூறியதன் பேரிலேயே இன்று பேச வந்துள்ளோம்.

முதலில் அந்தக் கதவு எத்தகையது என்பதைக் காண்போம்.

நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கிறது. ஒரு நாளைக்கு ஓர் இலட்சம் முறை என்று கணக்காகும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையானது சுமார் 70 மில்லி லிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனி என்னும் பெரிய குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் திரும்பி வாராதபடி குழாயின் வாயிலில் ஒரு கதவு இருக்கிறது. அதுவே பெருந்தமனி வால்வு. அதற்கு மூன்று இதழ்கள். ஒவ்வொன்றும் அரைப்பிறை வடிவில், சட்டைப் பையைப் போலச் சுவரில் தைத்து வைத்தாற்போல் அமைந்தது. கனமோ ஒரு மில்லி மீட்டர்கூட இராது. இதயம் சுருங்குகையில் மூன்று இதழ்களும் சுவரை நோக்கி ஒதுங்கி வழிவிடும். சுருங்கி முடிந்த கணமே மூன்று பைகளும் இரத்தத்தால் நிரம்பி, நடுவே ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு அடைபடும்.

இதிலே வியக்கத் தக்கது ஒன்றுண்டு. இதயத்தின் வேறு வால்வுகளில் இரண்டுக்கு இதழ்களைப் பிடித்து நிறுத்தும் நரம்பு போன்ற கயிறுகள் உண்டு. இந்த வால்வுக்குக் கயிறு ஏதும் இல்லை. அடிப்பகுதி வளையத்தின் அளவு, இதழின் நீளம், மேலே இதழ்கள் சுவரில் சேரும் முனைகளின் உயரம், இதழ்களுக்குப் பின்னே சுவர் புடைத்திருக்கும் மூன்று குழிவுகள் ஆகிய இவற்றின் பொருத்தம் ஒன்றினாலேயே அது அடைபடுகிறது. அக்குழிவுகளுக்கு இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயர் வழங்குகிறது. ஆனால் அவருக்கும் முன்னரே, 1513-ஆம் ஆண்டை ஒட்டி, ஓவியர் லியனார்தோ தாவின்சி அவ்விடத்தை வரைந்து, இரத்தம் அக்குழிவுகளில் சுழன்று இதழ்களை மூடத் துணை புரிகிறது என்று எழுதி வைத்தார். மோனாலிசாவை வரைந்த அதே கை! நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகிய பின்னர் வந்த கருவிகள் அவர் கூறியது சரியென்றே காட்டின.

இக்கதவு கசிந்தால் என்னாகும்? நமது காலனிக் கிணற்றில் ஃபுட் வால்வு தேய்ந்துபோன கோடைகாலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, ஏறிய நீர் குழாயிலேயே இறங்கிவிட்டது, தொட்டி நிரம்பவில்லை. இதயமும் அவ்வாறே. தள்ளிய இரத்தத்தில் ஒரு பங்கு திரும்பிவர, புதிதாக வந்த இரத்தத்தோடு அதையும் சேர்த்து மீண்டும் தள்ள வேண்டியதாகிறது. மோட்டார் எரிந்துவிடும், இதயமோ எரிவதில்லை, விரிகிறது. பல ஆண்டுகள் விரிந்து விரிந்து, முகம் கோணாமல் இரட்டை வேலையைச் செய்கிறது. நோயாளிக்கு யாதொரு துன்பமும் தெரிவதில்லை. மூச்சு வாங்கத் தொடங்கும் நாளிலோ, தசை மீளாத அளவுக்குக் களைத்துப்போயிருக்கக் கூடும். இந்நோயின் கொடுமை இந்த அமைதியிலேதான் இருக்கிறது.

அடையாளங்கள் உண்டு. 1832-ஆம் ஆண்டில் டப்ளின் நகர மருத்துவர் கொரிகன் என்பார் இந்நோயின் நாடியை விவரித்தார். விரலைத் தட்டி எழும்பி, உடனே சரிந்துவிடும் நாடி அது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்ந்தும் கீழ் எண் மிகத் தாழ்ந்தும் இருக்கும். பிரெஞ்சுக் கவிஞர் ஆல்பிரெட் தெ மூசேக்கு இந்நோய் இருந்தமையால் ஒவ்வொரு துடிப்புக்கும் அவர் தலை மெல்ல அசைந்ததாம். அவ்வடையாளத்துக்கு மருத்துவ நூல்கள் அவர் பெயரையே இட்டிருக்கின்றன. கவிதைக்குக் கிடைக்காத நிலைபேறு தலையசைப்புக்குக் கிடைத்தது போலும்!

எங்கள் மகளுக்கு இவ்வடையாளம் அகப்பட்டது 2021-ஆம் ஆண்டில், கல்லூரியில் சேரும் பொருட்டு நடந்த உடற்பரிசோதனையின்போது. பூப்பந்து ஆடுபவள், மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுபவள். டாக்டர் பாபு ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் எடுக்கவே இல்லை. அழுத்தம் 140-க்கு 50 என்றார். எக்கோ எடுத்ததில் மூன்றாக இருக்க வேண்டிய இதழ்கள் இரண்டாகவே இருந்தன. பிறவியிலேயே இரண்டு இதழ்கள் ஒட்டி ஒன்றாகிவிட்டன. அந்தப் பெரிய இதழ் துவண்டு கீழே தொங்கியது. நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி அமைவதுண்டென்றும், அவர்களிற் பலர் அதை அறியாமலே முதுமை எய்துவதுண்டென்றும் பின்னர் அறிந்தோம். அன்றைக்கு எங்கள் தாயார் கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நாங்களும் தடுக்கவில்லை.

இனி, மருந்தால் தீராதா என்று கேட்பீர்கள். தீராது. மருந்து அழுத்தத்தைக் குறைக்கும். தொங்கும் இதழைத் தூக்கி நிறுத்தாது. இப்போது தொடை நாளத்தின் வழியே புது வால்வை ஏற்றுகிறார்களே என்பீர்கள். அது பெரும்பாலும் சுண்ணாம்பு படிந்து குறுகிப்போன முதியோரின் வால்வுக்கு ஏற்றது. அங்கே அந்தக் கெட்டித்த இதழ்களே புது வால்வைப் பற்றிக்கொள்ளும். இளம் பெண்ணின் மெல்லிய, கசியும் வால்விலே பற்றுக்கோடு இல்லை. ஆதலின் மார்பைத் திறந்தே ஆக வேண்டும். திறந்தபின் மாற்றுவதா, செப்பனிடுவதா என்பதே வினா.

மாற்றுவதன் வரலாறு முதலில் வந்தது. 1952-இல் வாஷிங்டன் நகரில் சார்லஸ் ஹஃப்நாகல் என்பவர், இரத்தத்தை உடலுக்கு வெளியே ஓட்டும் பொறி இல்லாத அக்காலத்தில், கூண்டுக்குள் உருளும் பந்து ஒன்றை, பழுதான வால்வின் இடத்தில் வைக்க இயலாமல், பெருந்தமனி கீழ்நோக்கி இறங்கும் பகுதியில் பொருத்தினார். கசிவில் ஒரு பகுதியே அதனால் நின்றது. பந்து அடிக்கும் ஓசையோ பக்கத்தில் இருப்போர் காதிலும் விழுந்தது. 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் இதய நுரையீரல் பொறியைக்கொண்டு வெற்றிகரமாக அறுவை செய்தார். அதன்பின் 1960-இல் டுவைட் ஹார்க்கன் பெருந்தமனி வால்வின் இடத்திலேயே செயற்கை வால்வைப் பொருத்தினார்.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961-லேயே திறந்த இதய அறுவை நடைபெற்றது. 1975-இல் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்த இடம் எது தெரியுமா? பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரி! ரெயில்வே குடும்பத்தினர் நாம் சற்றே நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

உலோக வால்வு எத்தகையது என்பதை நூலில் படித்து நாங்கள் அறியவில்லை. எங்கள் வரிசையிலேயே ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருக்கிறார். சிறு வயதில் தொண்டைப்புண்ணும் அதைத் தொடர்ந்து மூட்டு வீக்கமுமாக வந்த காய்ச்சல், அவருடைய வால்வைத் தடித்துச் சுருங்கச் செய்துவிட்டது. 1998-இல் உலோக வால்வு வைத்தார்கள். எங்கள் செய்தியை முதன்முதல் அவரிடமே சொன்னோம். அவர் மகளை அருகில் அழைத்து, "இப்படி உட்காரு பாப்பா, மின்விசிறியை நிறுத்து" என்றார். அறை அமைதியானதும் அவர் மார்பிலிருந்து கடிகாரம் போல டிக், டிக் என்று கேட்டது. "இந்தச் சத்தம் கேட்டால்தான் உங்கள் பாட்டிக்குத் தூக்கம் வரும்" என்று சிரித்தார். பின்னர்த் தம் சிறு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். உலோகத்தின்மேல் இரத்தம் உறையாதிருக்க அவர் நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டும். மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்து, அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தால் கட்டி அடைக்கும். மிகுந்தால் இரத்தம் கசியும். கீரையைக்கூட வாரத்துக்கு இத்தனை முறை என்று ஒரே அளவாக உண்கிறார். இத்தனைக்கும் நடுவே இரண்டு பெண்களுக்கு மணமுடித்து, பேரன் கண்டு, இன்றும் காலையில் கோல்பஜார் வரை நடந்து வருகிறார். ஆகவே மாற்று வால்வைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை.

ஆயினும், அவர் ஓர் ஆண்மகன். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கோ அம்மாத்திரை வேறொரு பொருளைத் தருகிறது. கருவுற்ற முதல் மாதங்களில் அது சிசுவின் உறுப்புகளைக் கெடுக்கக் கூடும். அதை நிறுத்தி ஊசிக்கு மாறினால் வால்விலே இரத்தம் உறையும் ஆபத்து தாய்க்கு மிகுகிறது. அப்படியானால் விலங்கின் திசுவால் செய்த வால்வை வைக்கலாம். அதற்கு இந்த மாத்திரை வாழ்நாள் முழுவதும் வேண்டியதில்லை. ஆனால் அது தேய்வது. இளையோர் உடலில் இன்னும் விரைவில் தேய்வது. பத்து, பதினைந்து ஆண்டுகளில் மீண்டும் மார்பைத் திறக்க நேரிடும். 1967-இல் லண்டனில் டொனால்ட் ராஸ் காட்டிய மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நோயாளியின் நுரையீரல் தமனி வால்வையே எடுத்துப் பெருந்தமனி வாயிலில் வைத்துவிட்டு, அதன் இடத்தில் இறந்தவர் ஒருவர் ஈந்த வால்வை வைப்பது. நன்றாகச் செய்தால் சிறந்தது. குழந்தையின் உடலோடு அதுவும் வளரும். ஆனால் ஒரு வால்வு நோய்க்காக இரண்டு வால்வுகளில் கை வைக்க வேண்டும் என்பதால் தேர்ந்த கைகளுக்கே உரியது.

முதலிற் பார்த்த இதய மருத்துவர் "மாற்றிவிடலாம்" என்றார். அவர் கூறியது தவறன்று. நாட்டின் பெரும்பாலான இடங்களில் அதுவே பாதுகாப்பான விடை. "இதையே பழுது பார்க்க முடியாதா, சார்?" என்று கேட்டவர் எம் இல்லத்தரசியார். அவர் கேட்டிராவிட்டால் இந்தச் சொற்பொழிவே இல்லை. மருத்துவர் சற்று யோசித்து, தெற்கே உள்ள ஓர் அறுவை மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். கோரமண்டல் எக்ஸ்பிரஸில் பாஸ் எழுதிக்கொண்டு புறப்பட்டோம்.

அங்கே கற்றதைக் கூறுவோம். கசியும் வால்வுகளெல்லாம் ஒரே விதமாகக் கசிவதில்லை. பிரஸ்ஸல்ஸ் நகரின் எல் கூரி என்னும் அறுவை மருத்துவர் அவற்றை மூவகையாகப் பிரித்தார். இதழ்கள் நன்றாயிருக்க, அவை பொருந்திய சட்டம் விரிந்துபோவது ஒன்று. நிலை அகன்றுவிட்டால் கதவு எட்டாதன்றோ? இதழே துவண்டு தொங்குவது மற்றொன்று. இதழ் தடித்துச் சுருங்கித் துணி போதாமற்போவது இறுதியானது. நம் பாயிண்ட்ஸ்மேனுக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகை. செப்பனிடுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே. வெட்டித் தைக்கத் துணி இருந்தாலன்றோ தையற்காரர் திறமை காட்ட முடியும்? வீட்டில் குழந்தைகளுக்குத் தொண்டைப்புண்ணோடு காய்ச்சலும், சில வாரங்கள் கழித்து மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் கண்டால் தைலம் தடவி இருந்துவிடாதீர்கள் என்பதை இவ்விடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறோம். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி, அக்காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்து வால்வை அரித்துவிடாமல் காக்கும்.

சட்டம் விரிந்த வகைக்கு இரு பெரியோர் வழி வகுத்தனர். லண்டனில் மக்தி யாக்கூப் என்பார் விரிந்த சுவரை வெட்டி நீக்கி, நாவு போல் நறுக்கிய செயற்கைக் குழாயால் குழிவுகளை மறுபடியும் அமைத்தார். டொரண்டோ நகரின் டிரோன் டேவிட் 1992-இல் வேறொரு முறையை வெளியிட்டார். டெரிலின் வகை நூலால் நெய்த குழாய்க்குள்ளே நோயாளியின் வால்வை முழுவதுமாக இறக்கி, உட்புறமாகத் தைத்துவிடுவது அது. பழைய கதவுக்குப் புது நிலை வைப்பது என்று கொள்க. கதவு நோயாளியினுடையதே.

இதழ் துவண்ட வகைக்கு 1973-இல் டொரண்டோக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஜார்ஜ் ட்ரஸ்லர் என்பவர், தொங்கும் விளிம்பை ஓரத்தில் மடித்துச் சுவரோடு சேர்த்துத் தைத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் விளிம்பின் நடுவிலேயே மடிப்பு வைக்கிறார்கள். இதைத் தாய்மார்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வளரும் பெண்ணின் பாவாடை தரையில் புரண்டால் டக் பிடித்துத் தைக்கிறீர்களே, அதுவேதான். தலைமயிரைவிடச் சற்றே பருத்த நூலால், ஈர வாழைச்சருகு போன்ற ஒன்றில், நிறுத்தி வைத்த இதயத்துக்குள்ளே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தைக்க வேண்டும் என்பதுதான் வேறுபாடு.

எவ்வளவு மடிப்பது? மிகுந்தால் இதழ் இறுகித் திறவாது. குறைந்தால் மீண்டும் கசியும். வெகுகாலம் இதற்குக் கண்மதிப்பே அளவாக இருந்தது. அதனாலேயே பலர் முயன்று கைவிட்டனர். ஜெர்மனியில் ஹோம்பர்க் நகரத்து ஷேஃபர்ஸ் என்பவர் 2006-இல் இதற்கொரு சிறு அளவுகோலைக் கொண்டுவந்தார். ஒரு கால் இதழின் அடியிலும் மற்றொரு கால் விளிம்பின் நடுவிலும் நிற்கும். இடையே ஏறத்தாழ 9 மில்லி மீட்டர் உயரம் இருந்தால் இதழ் சரியாக நிற்கிறது என்று பொருள். கைவந்தவருக்கு மட்டுமே உரியதாயிருந்த கலை, அளவுகோல் வந்த பிறகு பிறரும் கற்கத்தக்க தொழிலாயிற்று. பதிவேட்டுக்காரர்களாகிய எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. இதோடு அடிப்பகுதி வளையம் பின்னாளில் அகலாதபடி அதைச் சுற்றி ஒரு நூலையோ வளையத்தையோ இட்டு அளவாக இறுக்குவதும் இன்றைய வழக்கம்.

துணியே போதாத வகைக்கும் முயற்சிகள் உண்டு. இதயத்தைச் சூழ்ந்துள்ள உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டி, இரசாயனத்தில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பதப்படுத்தி, மூன்று இதழ்களையும் புதிதாகவே நறுக்கித் தைக்கும் முறையை ஜப்பானில் ஷிகெயுகி ஓசாகி 2007-இல் தொடங்கினார். அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டோம். இளையோருக்கு அதை இன்னும் உறுதியாகச் சொல்லும் காலம் வரவில்லை என்றார் அறுவை மருத்துவர். அந்த நேர்மையே அவர்பால் எங்களுக்கு நம்பிக்கை ஊட்டிற்று.

உடனே அறுவை செய்யவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. சுருங்கி முடிந்த நிலையில் இடது கீழறையின் அகலம் 2022-இல் 42 மில்லி மீட்டர். 50-ஐத் தாண்டினால், மூச்சு வாங்காவிட்டாலும் காத்திருக்கலாகாது என்பது விதி. 2024-ஆம் ஆண்டு மார்ச்சில் 51. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவள், "நன்றாகத்தானே இருக்கிறேன்?" என்றாள். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை.

அறுவைக்கு முந்தின நாள் ஒப்புதல் தாளை நீட்டினார்கள். அதில் இரண்டு அறுவைகள் எழுதியிருந்தன. முதலில் செப்பனிட முயல்வது. திறந்து பார்த்து இயலாதெனின் மாற்றுவது. மாற்றுவதாயின் எந்த வால்வு என்பதை நீங்களே இப்போது சொல்ல வேண்டும், அப்போது கேட்க நேரமிராது என்றார் மருத்துவர். உலோகத்தையே எழுதிவிடலாம் என்று நாம் பேனாவை எடுத்துவிட்டோம். இன்னொரு முறை மார்பைத் திறக்கும் கொடுமை வேண்டாமே என்னும் தந்தை மனம் அது. இல்லத்தரசியார் கையைப் பிடித்து, "அவளைக் கேளுங்கள்" என்றார். மகள் தயங்கவே இல்லை. "திசு வால்வு. இன்னொரு அறுவை வந்தால் நான் தாங்கிக்கொள்கிறேன். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதை இந்தத் தாள் தீர்மானிக்க வேண்டாம்" என்றாள். பத்தொன்பது ஆண்டு வளர்த்தவர்களுக்கு அன்றுதான் அவள் குரல் முழுமையாகக் கேட்டது. அவளே தன் கையால் எழுதிக் கையொப்பமிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துச் சென்றார்கள். பின்னர் மருத்துவர் விவரித்ததைச் சொல்கிறோம். இரத்தத்தைப் பொறிக்குத் திருப்பியதும், பொட்டாசியம் கலந்த குளிர்ந்த மருந்தால் இதயத்தை நிறுத்துவார்கள். மற்றவர்களுக்கு அதைப் பெருந்தமனியின் அடியில் செலுத்தினால் போதும்; கசியும் வால்விலோ அது கீழறைக்குள் இறங்கிவிடும். ஆகவே தமனியைத் திறந்து, இதயத்துக்கு உணவூட்டும் இரு தமனிகளின் வாயிலேயே நேராகச் செலுத்தினார்கள். ஒட்டிய பெரிய இதழ் மெல்லியதாகவே இருந்தது, சுண்ணாம்பு இல்லை. நடுவிளிம்பில் இரண்டு மடிப்பு. அடி வளையத்தைச் சுற்றி ஒரு நூல்.

வால்வு சரியாயிற்றா என்பதை இதயம் நின்றிருக்கும்போது முழுதும் அறிய இயலாது. மறுபடியும் ஓடவிட்டு, உணவுக்குழாய்க்குள் இறக்கிய எக்கோக் கருவியால் பார்க்க வேண்டும். ஓடவிட்டார்கள். ஓரத்தில் கசிவு இருந்தது. சிறு கசிவுதான், விட்டுவிட்டிருக்கலாம். விட்டால் அதுவே நாளடைவில் பெருகும் என்று மீண்டும் இதயத்தை நிறுத்தித் திறந்தார் அந்தப் புண்ணியவான். வெளியே எங்களிடம் நர்ஸ் ஒருவர் வந்து, "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்" என்று மட்டும் சொல்லிப் போனார். அந்த ஒரு மணி நேரத்தை வருணிக்க நமக்குத் தமிழ் போதாது. இல்லத்தரசியார் சுவரிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் டிக், டிக் என்றே ஒலித்தது. பாயிண்ட்ஸ்மேன் தாத்தாவின் நினைவு எங்கள் இருவருக்கும் ஒருங்கே வந்தது, ஒருவரும் வாய்திறக்கவில்லை. இன்னும் ஒரு தையல், அவ்வளவே. இரண்டாம் முறை ஓடவிட்டபோது கசிவில்லை. உயரம் 9 மில்லி மீட்டர்.

இது என்றென்றைக்கும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டிதழ் வால்வைத் தேர்ந்த கைகள் செப்பனிட்டால், பத்தாண்டு கழிந்தும் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேருக்கு மறு அறுவை தேவைப்படுவதில்லை என்கிறார்கள். மற்ற இருவரில் ஒருத்தியாக இவள் ஆகலாம். அன்றைக்குத் திசு வால்வு, உலோக வால்வு எல்லாம் காத்திருக்கும். இதற்கிடையே இரத்த மாத்திரை இல்லை. நோட்டுப் புத்தகம் இல்லை. ஆண்டுக்கொரு எக்கோவும், கிருமி வால்வை அண்டாதபடி பற்களைப் பேணுவதும்தான். பூப்பந்து மறுபடி தொடங்கிவிட்டது. சட்டைக் கழுத்துக்கு மேலே தழும்பு சற்றுத் தெரிகிறது. அதை மறைக்கத் துப்பட்டா வாங்கி வந்தோம். அவள் அதைத் தங்கையின் பெட்டியில் போட்டுவிட்டாள்.

இரண்டிதழ் வால்வு குடும்பத்தில் மற்றவர்க்கும் இருக்கக்கூடும் என்பதால் பெற்றோரும் உடன்பிறந்தோரும் எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எங்கள் இருவருக்கும் தங்கைக்கும் மூன்றிதழ்களும் உள்ளன. கடைக்குட்டிக்கு வருகிற பள்ளி விடுமுறையில் எடுக்கவிருக்கிறோம். அவன் இப்போதே, "எனக்கு எத்தனை இதழ் அப்பா?" என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ரெயில்வே ஆஸ்பத்திரியிலிருந்து வெளி ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை பெறும் முறை, அதற்குரிய தாள்கள், மருத்துவரிடம் கேட்க வேண்டியவையாக எம் மகள் எழுதிய வினாக்கள் ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் வரிசையாக உள்ளன. தேவைப்படுவோர் மாலை ஆறு மணிக்குமேல் எங்கள் குவார்ட்டருக்கு வரலாம். படி எடுத்துக்கொண்டு கோப்பை மட்டும் திருப்பித் தந்துவிடுங்கள். அடுத்த நிகழ்ச்சிக்குச் சிறுமியர் சலங்கை கட்டி நிற்பதைக் காண்கிறோம்.